உரிமையாளர் நீங்கள்தானா?

போன் வாங்குவது வேறு, போனில் பேசுவது வேறு. பர்மாவில் எங்கள் த்வாண்டேக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்சிகள் மாறின, தலைநகரம் மாறியது, கியாட்டின் மதிப்பு மாறியது, நாட்டின் பெயரே மாறியது. இந்த விதி மட்டும் மாறவில்லை. கருவி கையில் இருக்கும். அதற்குள் குரல் போவதற்கு முன் யாராவது நம்மைப் பார்த்து, ‘நீ யார்?’ என்று கேட்பார்கள். முன்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த ஆள் கேட்டார். இப்போது போனே கேட்கிறது. நாகரிகம் வளர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மரியாதையாக, ‘நீங்கள் யார்?’ என்றுதான் கேட்கிறது.

எங்கள் ஊரை வெளியே பானைக்காகத் தெரியும். இங்கே சூளையில் சுட்ட குடமும் தொட்டியும் படகேறி யாங்கோனுக்குப் போகும். யாங்கோன் ஆற்றை ஐராவதிப் பக்கத்தோடு இணைக்க வெள்ளைக்காரன் வெட்டிய கால்வாய் ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது. டெல்டாவின் நெல் அந்த வழியாகப் போயிற்று. நெல் அறுக்கத் தமிழ்க் கூலிகள் அந்த வழியாக வந்தார்கள். என் தாத்தா அப்படி வந்தவர்தான். அடுத்த அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக்குத் திரும்பிவிடுவேன் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டே இங்கே பேரன் பேத்தி எடுத்தார்.

1962இல் படைத்தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் வெறும் காகிதமாயின. சித்தப்பா அந்த வருடம் குடும்பத்தோடு மெட்ராஸுக்குக் கப்பலேறினார். அப்பா ஏறவில்லை. “ஒருத்தன் போய்ப் பாக்கட்டும், ஒருத்தன் இருந்து பாக்கட்டும்” என்றாராம். ஆக, வெளிநாட்டில் பேசுவதற்கு எங்கள் குடும்பத்துக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். பேசத்தான் வழி இல்லை.

வழி என்று இருந்தது யாங்கோன் பன்சோடான் தெருவில். இங்கிருந்து லைன் காரில் டலா. டலாவில் படகேறினால் அக்கரையில் பன்சோடான் துறை. துறையிலிருந்து நேரே நடந்தால், மகா பந்துலா தெரு முனையில் பிரிட்டிஷ் காலத்து மத்தியத் தந்தி அலுவலகம். பேசுகிறவர் பெயர், விலாசம், எந்த ஊர், எந்த எண் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் கூண்டுக்குள் போகலாம்.

ஆனால் மறுமுனையில் ஆள் நிற்க வேண்டுமே! சித்தப்பா வீட்டில் ஏது போன்? அவர் தெருவில் ஒரு மருந்துக்கடையில் இருந்தது. ‘இன்ன தேதி, இன்ன மணிக்கு மருந்துக்கடைக்கு வந்து நிற்கவும்’ என்று இங்கிருந்து முதலில் கடிதம் போட வேண்டும். அதைப் பிரிக்கிறவர்கள் பிரித்து, ஒட்டுகிறவர்கள் ஒட்டி, அது கடல் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். ‘நிற்கிறேன்’ என்று பதில் வர வேண்டும். மூன்று நிமிடப் பேச்சுக்கு மாதக்கணக்கில் ஏற்பாடு. பேசியது என்ன?

“நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கோம். அங்கே மழையா?”

“மழைதான். நெல்லு என்ன விலை?”

அவ்வளவுதான். வேறு எதுவும் பேசக் கூடாது என்று அப்பா படகிலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார். நடுவில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், நாங்கள் நல்லா இருப்பது அவர்களுக்கும் உறுதிப்பட்டிருக்கும்.

பிறகு குடைக்காலம் வந்தது. யாங்கோன் நடைபாதையில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் இரண்டு மூன்று வீட்டுப் போன்கள், மேலே குடை, பக்கத்தில் கடிகாரத்தோடு ஓர் அக்கா. நிமிடக் கணக்கில் காசு. பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கம்பி இறங்கி வரும். எண்ணைச் சொன்னால் அவரே சுழற்றித் தருவார். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குக் கடன், யார் மலேசியா போய்ப் பணம் அனுப்பவில்லை எல்லாம் அவருக்குத் தெரியும், சொல்ல மாட்டார். இந்த நாட்டின் தொலைத்தொடர்பு வரலாற்றில் நான் முழுமையாக நம்பிய ஒரே நிறுவனம் அந்தக் குடைதான்.

சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவது ஆபத்தான காலம் அது. 1996இல் ஒரு சட்டம் போட்டார்கள்: அனுமதியின்றிக் கணினி வலையமைப்பில் சேர்ந்தால் 7 முதல் 15 வருடம் சிறை. அதே வருடம் லியோ நிக்கல்ஸ் என்ற பெரியவரைப் பிடித்தார்கள். நார்வே உள்ளிட்ட சில ஐரோப்பிய நாடுகளுக்குக் கௌரவத் தூதராக இருந்தவர். ஆங் சான் சூ சியின் குடும்ப நண்பர். தொலைநகல் இயந்திரங்களை உரிமமின்றி வீட்டில் வைத்திருந்தார் என்பது குற்றம். மூன்று வருடத் தண்டனை. சில வாரங்களில், ஜூன் மாதம், சிறையிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தி காதுக்கு வந்த வாரத்தில், எங்கள் வீட்டில் கெட்டுப்போய்க் கிடந்த வானொலிப் பெட்டியைக்கூட அம்மா துணி போட்டு மூடிவைத்தார்.

அடுத்து செல்போன் வந்தது, செல்வர்களுக்கு. எங்கள் ஊர் அரிசி ஆலை முதலாளி ஒருவர் தோல் உறையில் போட்டு இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். தேநீர்க் கடையில் அதை எடுத்து மேசைமேல் வைத்தால் நாங்கள் கோப்பையைத் தள்ளிவைத்து இடம் கொடுப்போம். ஒலித்து நாங்கள் கேட்டதில்லை. யார் கூப்பிடுவார்கள்? அவருக்குத் தெரிந்தவர்களில் போன் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மணியில்லாத அந்தக் கருவிக்குள் இருந்த சிம் அட்டையின் விலை 2010 வாக்கில் 15 லட்சம் கியாட். ஆயிரம் கியாட்டுக்கு ஒரு டாலர் கிடைத்த நாட்கள் அவை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். பிறகு 5 லட்சம் ஆனது, 2 லட்சம் ஆனது. சிம் விலை இறங்குவதைப் பார்த்துத்தான் நாட்டில் ஜனநாயகம் வருகிறது என்று எங்கள் ஊரில் கணித்தார்கள். கணிப்பு அப்போதைக்குச் சரியாகவே இருந்தது.

அந்த விலைக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்பதை 2008 மே 2ஆம் தேதி இரவு தெரிந்துகொண்டோம். நர்கிஸ் புயல் டெல்டாவை உருட்டிப் போட்டது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மெட்ராஸில் சித்தப்பா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்குத் திதி கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். யாங்கோனுக்குப் போன ஓர் ஆள் மூலம் குடைக்கார அக்காவுக்குச் சொல்லியனுப்பி, அவர் லைன் கிடைத்தபோது பேசி, “த்வாண்டேயில் எல்லாரும் இருக்காங்களாம்” என்று சொன்ன பிறகுதான் அங்கே அடுப்பு எரிந்தது.

2013 ஏப்ரலில் அரசு தாராளமானது. 1,500 கியாட்டுக்கு சிம் அட்டை. நாடு முழுக்க 3,50,000. ஐந்து கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு அது எப்படிப் போதும்? குலுக்கல் போட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் அம்மா பெயருக்கு விழுந்தது. எண்பதை நெருங்கிய அம்மா வாழ்க்கையில் எந்தச் சீட்டிலும் ஜெயித்ததில்லை. குலுக்கலில் கிடைத்ததை வாங்கிய கையோடு பல மடங்கு விலைக்கு விற்றவர்கள் உண்டு. அம்மா விற்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் ஒருநாள் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொடுத்தார். “என் பேர்ல இருக்கு, பத்திரமா பேசு.”

மறுவருடம் கதவே திறந்துகொண்டது. கத்தாரிலிருந்து ஊரிடூ, நார்வேயிலிருந்து டெலினார். 2014 முடிவதற்குள் 1,500 கியாட் சிம் வெற்றிலைக் கடையில் தொங்கியது. நார்வேக்காகத் தூதராக இருந்த மனிதர் தொலைநகல் வைத்ததற்காகச் செத்த ஊரில், 18 வருடம் கழித்து நார்வே அரசின் கம்பெனி, தெருவுக்குத் தெரு குடை பிடித்துப் போன் விற்றது. அந்தக் கம்பெனியும் 2022இல் விற்றுவிட்டுக் கிளம்பியது. பெயர்ப் பலகை ஆட்டம் என்று மாறியது. எங்கள் ஊரில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கப்பலேறிப் போகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

அந்த ஏழெட்டு வருடம் பொற்காலம்தான். போன் கடையில் போனை நீட்டினால் போதும். பையன் எல்லாவற்றையும் ஏற்றி, முகநூல் கணக்கும் ஆரம்பித்து, கடவுச்சொல்லும் அவனே வைத்துத் தருவான். கடவுச்சொல் என்னவென்று நாங்கள் கேட்டதில்லை. அவன் சொன்னதும் இல்லை. மறந்துபோனால் புதுக் கணக்கு. ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தம்முடைய பழைய கணக்குக்கே நட்பு அழைப்பு அனுப்பிவிட்டு, ‘இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை’ என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனையும் அன்று. இனி இன்று.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கினார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. எங்கள் வீட்டிலும் அந்த வயதில் ஒருவன் இருந்தான். இப்போது மலேசியாவில் இருக்கிறான். ‘ஒருத்தன் போய்ப் பாக்கட்டும், ஒருத்தன் இருந்து பாக்கட்டும்’ என்று அப்பா சொன்னதை இந்த முறை நான் சொன்னேன். அவன்தான் பணம் அனுப்பி, “அப்பா, முகம் பார்த்துப் பேசுற மாதிரி நல்ல போனா ஒண்ணு வாங்குங்க” என்றான்.

இப்போது யார் கடைக்குப் போகிறார்கள்? நேரலையில் ஒரு பெண் போன்களை வரிசையாக அடுக்கிவைத்து விற்றுக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்கள் இதயமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ‘புத்தம் புதுசு, பெட்டி பிரிக்காதது, வீட்டு வாசலில் பணம்.’ விலை ஏழு லட்சம் கியாட். அன்றைய சிம்மில் பாதிகூட இல்லை என்று மனம் சந்தோஷப்பட்டது. டாலர் அப்போது சந்தையில் நாலாயிரம் கியாட்டுக்கு மேல் என்பதை மனம் வசதியாக மறந்துகொண்டது.

பெட்டி சீக்கிரமே வந்தது. கண்ணாடிக் காகிதம் சுற்றி, முத்திரை ஒட்டி, மணமகள் மாதிரி இருந்தது. கொண்டுவந்த பையன் பணத்தை எண்ணிக்கொண்டு, நான் முத்திரையைக் கிழிப்பதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான்.

திரை விழித்தது. மொழியைத் தேர்ந்தெடு என்றது. வரிசையில் தமிழ் இருந்தது! அறுபதுகளில் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கோவில் திண்ணையில் ஒளித்துப் படித்த தமிழ். பெருமையோடு அதைத் தொட்டேன். அடுத்தடுத்துச் சில திரைகள். பிறகு நல்ல செந்தமிழில் போன் எனக்கு ஒன்று சொன்னது. இந்தச் சாதனம் முழுவதுமாக அழிக்கப்பட்டிருக்கிறது. முன்பு இதில் இருந்த கணக்கைக் கொடுத்து, உரிமையாளர் நீங்கள்தான் என்று உறுதிசெய்யுங்கள்.

புத்தம் புதிய போனுக்கு ‘முன்பு’ எங்கிருந்து வந்தது?

விற்ற பக்கத்துக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான குறி விழுந்தது. மறுபடி அனுப்பினேன். குறியும் விழவில்லை. என்னை அவர்கள் தடுத்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரி விளக்கினாள். அவளுடைய பழைய போனிலிருந்து அனுப்பிப் பார்த்தோம். அவளுக்கும் அதே மரியாதை.

சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். அவன் இருப்பது எங்கே என்று சொல்ல வேண்டும்: சென்னை பர்மா பஜார். கப்பலேறிப் போனவர்களுக்காகக் கடற்கரைச் சாலையில் 1969இல் ஏற்பட்ட சந்தை. டேப்ரெக்கார்டர் காலம் முதல் செல்போன் காலம் வரை, வெளிநாட்டுச் சாமான் என்றால் தமிழ்நாடே அங்கே போய் நிற்கும். மோசம்போனதாகச் சொல்லிக்கொண்டு திரும்பியவர்களும் நிறைய. சித்தப்பா அங்கே கடை போட்டார், இப்போது மகன் நடத்துகிறான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவன் கேட்டான்:

“அண்ணே, முகம் தெரியாத ஆள்கிட்ட சீல் பிரிக்காத பெட்டியை எப்படிண்ணே நம்பி வாங்குனீங்க?”

பர்மா பஜாரிலிருந்து வந்த கேள்வி அது. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் தொழில் தெரிந்தவன். “நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் போடுங்க” என்றான். பூட்டிய போனில் அதற்கும் வழி திறக்கவில்லை. சிம் தட்டை இழுத்துப் பார்க்கச் சொன்னான். அதில் பொடி எழுத்தில் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண். பெட்டியின் அடியில் இன்னொரு 15 இலக்கம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெட்டி வேறு ஒரு போனுடையது. போன் வேறு ஒரு மனிதருடையது. ஆண்ட்ராய்டு போன்களில் 2015 முதல் இந்தப் பூட்டு இருக்கிறதாம். திருடியவன் உள்ளே இருப்பதை அழித்தாலும், பழைய கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடியாது. திருடனுக்காகச் செய்த பூட்டு. பணம் கொடுத்து வாங்கியவனும் அதன் கண்ணுக்குத் திருடன்தான்.

தெருக்கோடிப் போன் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருப்பவன் எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கும் பர்மாக்காரருக்கும் பிறந்த பிள்ளை. இரண்டு பாஷையிலும் வாயாடுவான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, இது திருட்டுப் போனா இருக்கணும்னு இல்லே. சோதனைச் சாவடி வருதுன்னு பஸ்ஸுலேயே எல்லாத்தையும் அழிச்சிருப்பாங்க. அப்புறம் கடவுச்சொல் ஞாபகம் வராது. வித்துட்டுப் போயிடுவாங்க. நெறைய வருது.”

அதற்குப் பிறகு அந்தப் போனைப் பார்க்கிற கண் எனக்கு மாறிவிட்டது. யாரோ ஒரு பிள்ளை, என் பிள்ளை வயதுகூட இருக்கலாம், ஓடுகிற வண்டியில் நடுங்கும் விரலால் தன் படங்கள், நண்பர்கள், பேச்சு எல்லாவற்றையும் துடைத்திருக்கிறான். ‘உரிமையாளர் நீங்கள்தானா?’ என்று போன் விடாமல் கேட்டது அவனுக்காகத்தான். இந்த ஊரில் அவனைத் தேடியவர்களில் அது ஒன்றுதான் நல்லெண்ணத்தோடு தேடியது.

கடைப் பையன் பூட்டை எப்படித் திறந்தான் என்று நான் கேட்கவில்லை. குடைக்கார அக்காவிடம் பழகிய ஒழுக்கம். போன் திறந்தது. இனி சிம்.

அம்மாவின் குலுக்கல் சிம் பழைய காலத்துப் பெரிய அட்டை. புதுப் போனின் தட்டு நகத்தளவு. கடைப் பையன் வெட்டும் கருவியை எடுத்து, ஒரு காலத்தில் ஊரே கண் வைத்த அந்த அட்டையைச் சுற்றி நறுக்கென்று வெட்டி மிச்சத்தைக் குப்பையில் தட்டினான். போட்டால் சிக்னல் இல்லை. சிம்மை மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று 2022 கடைசியில் அறிவித்திருந்தார்கள். யார் பெயரில் சிம்மோ அவர் அடையாள அட்டையும் எண்ணும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் துண்டிப்பு. அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். கெடுவுக்குப் பிறகும் எண் எப்படியோ பிழைத்துக் கிடந்தது. நான் போனை மாற்றும் வரை காத்திருந்த மாதிரி, இப்போது நின்றுவிட்டது.

சேவை மையம் ஒன்றுக்குப் போனேன். முகப்பில் இருந்த பெண் மிகவும் பணிவு.

“சிம் உரிமையாளர் நேரில் வர வேண்டும்.”

“அவர் இறந்துவிட்டார்.”

“அப்படியானால் அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார். திரையில் அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த பக்கம் வராது போலிருக்கிறது. அம்மா பெயரில் வாழ்நாளில் ஒரு சொத்தும் இருந்ததில்லை. கடைசியில் இருந்த ஒன்றைப் பிள்ளைக்கு எழுதிவைக்காமல் போய்விட்டார்.

சரி, என் பெயரிலேயே புது சிம். 1,500 கியாட் காலம் மலையேறிவிட்டது. 2022 ஜனவரியில் சிம்முக்கு 20,000 கியாட் வரி போட்டார்கள், இணையச் சேவைக்கு 15 சதவிகிதம். வரியைக் கொடுத்துவிடலாம். அட்டையைத்தான் எடுத்து வைக்க வேண்டும். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அடையாள அட்டைகளுக்கு நிறம் வந்தது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை. த்வாண்டேயில் பிறந்து த்வாண்டேயில் செத்த அப்பா கடைசிவரை வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு வைத்திருந்தார். வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பித்தார். நான் அலைந்து திரிந்து ஒரு நிறம் வாங்கியிருக்கிறேன். என்ன நிறம் என்று இங்கே எழுதவில்லை. கேட்கிற இடத்தில் காட்டுகிறேன்; கேட்கிற இடங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

இனிமேல்தான் வேடிக்கை. பையன் அனுப்பும் பணம் விழும் கைப்பேசிப் பணப்பை அம்மா எண்ணில். மின்னஞ்சல் அம்மா எண்ணில். எதைத் தொட்டாலும், ‘உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம்’ என்கிறது. எண்ணை மாற்றிக்கொள்கிறேன் என்றால், ‘தாராளமாக, உறுதிசெய்யப் பழைய எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம்’ என்கிறது. அந்த இலக்கங்கள் எங்கே போய் விழுகின்றன என்று தெரியவில்லை. மேலுலகத்தில் அம்மா அவற்றையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளை ஏன் இத்தனை நம்பர் அனுப்புகிறான், சீட்டு எதுவும் விழுந்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் பணப்பையைப் புது எண்ணில் புதிதாகவே ஆரம்பித்தேன். அதற்கு முகத்தைக் காட்ட வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும், அட்டையைக் கையில் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். சிமிட்டுகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. எங்கள் பக்கம் நாலு மணி நேரம் கரண்ட், எட்டு மணி நேரம் இருட்டு என்று அப்போது முறை. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடும், லைனும் போய்விடும். கரண்ட் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து சிமிட்ட வேண்டும். வீட்டுக்காரி விளக்கைப் பிடித்தாள். அந்தப் படத்தில் நான் தேடப்படும் ஆள் போலவே இருக்கிறேன். ஏற்றுக்கொண்டார்கள்.

பேசுவதற்கு இன்னும் ஒரு படி பாக்கி. முகநூலை 2021 பிப்ரவரி 4ஆம் தேதி தடுத்தார்கள், ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த நாலாம் நாள். மார்ச் நடுவில் கைப்பேசி இணையத்தையே நிறுத்தினார்கள். திரும்பி வந்தபோது ஊரே தடையைத் தாண்டும் வி.பி.என். வழியாகத்தான் நடமாடியது. 2024 மே கடைசியில் வி.பி.என்.களையும் முடக்க ஆரம்பித்தார்கள். தெருவில் போனை வாங்கிப் பார்த்து, அது இருக்கிறதா என்று தேடுகிறார்கள். பையன் கூப்பிடுவது முகநூல் மெசஞ்சரில். ஆகவே வீட்டுக்குள் வி.பி.என். இருக்க வேண்டும், படி இறங்கினால் இருக்கக் கூடாது. காலையில் அழித்து, மாலையில் ஏற்றிக்கொள்கிறேன். முன்பு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போவோம். இப்போது போனைத் துடைத்துவிட்டுப் போகிறோம். அந்தப் பஸ் பிள்ளை செய்ததைத்தான் நானும் தினமும் செய்கிறேன், நிதானமாக.

ஒருவழியாக ஒரு மாலை லைன், கரண்ட், வி.பி.என். மூன்றும் ஒன்றுகூடின. பையன் முகம் திரை நிறைய வந்தது. தாடி வைத்திருக்கிறான். பல் தெரிய, பரு தெரிய அத்தனை துல்லியம்.

“நல்லா இருக்கீங்களாப்பா?”

“நல்லா இருக்கோம். அங்கே மழையா?”

“மழைதான். அரிசி என்ன விலை?”

சொன்னேன். விலையைக் கேட்டு அதிர்ந்தான். அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. காசு ஓடவில்லை, மூன்று நிமிடக் கணக்கும் இல்லை, பேச நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருந்தது. எதைப் பேசக் கூடாது என்று அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை, அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்காவது புதுப் போன் உதவியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நேரலையில் போன் வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தின் சாரம்: முன்னேற்பாடாக, நன்றாக வேலை செய்யும் ஒரு பழைய போன் வேண்டும், ஆறு இலக்கம் வந்து விழுவதற்கு. உயிரோடு இருப்பவர் பெயரில் ஒரு சிம் வேண்டும். நல்ல நிறத்தில் ஓர் அட்டை வேண்டும். மெட்ராஸில் ஒரு சித்தப்பா மகன், தெருக்கோடியில் ஒரு பையன், இருட்டில் விளக்குப் பிடிக்க ஒரு வீட்டுக்காரி வேண்டும். இவ்வளவும் கைவசம் இருந்தால் தைரியமாக வாங்கலாம். வேலை செய்யும் பழைய போன் இருக்கும்போது புதியது எதற்கு என்று மட்டும் வீட்டுக்காரி கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் கேட்டாகிவிட்டது.